ஓடுவதும் நிற்பதும்: அமாகோவின் ‘பாட்டர்ஸ் சாய்ஸ்’ கிளேஸ் வரிசை பற்றி ஒரு மதிப்புரை

மின்சூளையை மட்டும் நம்பி ஸ்டோன்வேர், அதாவது உயர்வெப்பத்தில் சுட்டு இறுக்கிய மண்பாத்திரம், செய்கிறவர்கள் பலருக்கும் பழக்கமான ஒரு குறை உண்டு. வடிவம் நன்றாக வந்திருக்கும், கைப்பிடி ஒழுங்காக அமைந்திருக்கும், அடி சுத்தமாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஆனால் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சைப் போட்டுச் சுட்டு வெளியே எடுத்தால், வாயோரம் முதல் அடிவரை ஒரே நிறமும் ஒரே பளபளப்புமாகப் பாத்திரம் உயிரில்லாமல் நிற்கும். விறகுச் சூளையிலும் எரிவாயுச் சூளையிலும் நெருப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. தீ எந்தப் பக்கம் அடித்தது, சாம்பல் எங்கே படிந்தது, ஆக்சிஜன் எந்த நேரத்தில் குறைந்தது என்பதெல்லாம் பாத்திரத்தின் மேல் பதிந்துவிடுகின்றன. மின்சூளைக்குள் தீயும் இல்லை, சாம்பலும் இல்லை. அங்கே கிளேஸ் ஒன்றுதான் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும்.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்காக விற்கப்படும் கிளேஸ்களில் அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1919-இல் தொடங்கப்பட்ட அமாகோ நிறுவனத்தின் ‘பாட்டர்ஸ் சாய்ஸ்’ வரிசை. கோன் 5, கோன் 6 அளவில், அதாவது ஏறத்தாழ 1185 முதல் 1220 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் சுடுவதற்காகச் செய்யப்பட்டவை இவை. கோன் என்பது சூளைக்குள் வைக்கும் சிறு கூம்பு; உரிய வெப்பம் வந்ததும் அது வளையும், அதன் எண்ணே சூட்டின் அளவு. ஒவ்வொரு நிறத்துக்கும் ‘பிசி’ என்று தொடங்கும் எண் இருக்கிறது. தூரிகையால் பூசுவதற்கேற்ற திரவமாக 473 மில்லி பாட்டிலிலும், முக்கியெடுக்கிறவர்களுக்காகப் பொடியாகப் பெரிய பெட்டியிலும் வருகிறது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசுவதை நிறுவனமே ஊக்குவிக்கிறது என்பதுதான் இந்த வரிசையின் தனி அடையாளம்.

புதுச்சேரியில் 1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் பாத்திரங்களையோ, அங்கே கற்றுக்கொண்டு பிறகு ஆரோவில்லிலும் சுற்றுப்புறத்திலும் பட்டறை வைத்தவர்களின் பாத்திரங்களையோ பார்த்து வளர்ந்தவர்கள், “மின்சூளையில் இந்த மாதிரி வருமா?” என்று கேட்பது இயல்பு. அதே மாதிரி வராது. இரும்பு கலந்த கிளேஸ் ஆக்சிஜன் குறைந்த தீயில் தருகிற அந்தச் செலடான் பச்சையின் ஆழத்தை எந்தப் பாட்டிலும் தராது. ஆனால் கிளேஸ் நகர்ந்த தடம் தெரிவது, விளிம்பில் ஒரு நிறமும் பள்ளத்தில் வேறொரு நிறமுமாகப் பிரிவது, மங்கலும் பளபளப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது ஆகியவற்றை மின்சூளையிலும் முழுமையாகச் சாதிக்க முடியும். அதற்கு இந்த வரிசை உண்மையிலேயே உதவுகிறது.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாங்கத் தகுந்த கிளேஸ்தான். ஆனால் வண்ண அட்டையைப் பார்த்துக் கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கினால் பணம் வீணாகும். சூட்டில் அசையாமல் நிற்கிற ஒன்றையும், உருகி ஓடுகிற ஒன்றையும் ஜோடியாகப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாம் ஓடினால் பாத்திரத்தின் மேல் வெறும் கலங்கல்தான் மிஞ்சும். எல்லாம் நின்றால் வெறும் வர்ணம்தான் தெரியும். இந்த ஒரே விஷயம் புரிந்துவிட்டால், நான்கே நிறங்களை வைத்து வருடம் முழுவதும் வேலை செய்யலாம்.

ஏன் ஒன்று நிற்கிறது, ஒன்று ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளேஸ் என்பது அடிப்படையில் கண்ணாடி. கண்ணாடியாவது சிலிக்கா, அதை நம் சூளையின் வெப்பத்திலேயே உருக வைப்பவை சோடியம், பொட்டாசியம், கால்சியம், துத்தநாகம், போரான் முதலிய உருக்கிகள், உருகியது பாத்திரத்தை விட்டு வழிந்துவிடாமல் பிடித்து வைப்பது அலுமினா. அலுமினா தாராளமாக இருந்தால் உருகிய கிளேஸ் கெட்டியாக இருக்கும், பூசிய இடத்திலேயே தங்கும். அலுமினா குறைந்து, போரானும் மற்ற உருக்கிகளும் கூடினால் இளகி ஓடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும்போது இன்னொன்றும் நடக்கிறது. இருவேறு கலவைகள் சந்திக்கிற இடத்தில், தனித்தனியே அவை உருகும் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருக்கம் தொடங்கிவிடலாம். தனியாகச் சுட்டபோது ஒரு மில்லிமீட்டர்கூட நகராத இரண்டு கிளேஸ்கள், மேலும் கீழுமாகப் படிந்த பட்டையில் மட்டும் வழிந்து சூளைத் தட்டுவரை போய்விடுவதற்குக் காரணம் இதுதான். அசைவு பிறப்பதும் அங்கேதான், ஆபத்து பிறப்பதும் அங்கேதான்.

வரிசையில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், தயங்காமல் பிசி-20, புளூ ரூட்டைல் என்பேன். ஓடுகிற கிளேஸ்களுக்கு இது நல்ல முன்மாதிரி. தடிமனாக நிற்கிற இடத்தில் பாலில் கரைத்த மாதிரியான வெளிர்நீலம். மெலிந்த இடத்தில், அதாவது வாயோரத்திலும் விரல் தடங்களின் மேட்டிலும் கைப்பிடியின் முதுகிலும், தேன் கலந்த பழுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கோடுகளாக நீலமும் பழுப்பும் பிரிந்து பிரிந்து இறங்கும். ஒரே பாட்டில், ஒரே பூச்சு, மூன்று நிறம். புதிதாகக் கிளேஸ் பழகுகிறவருக்குத் தடிமன் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் கிளேஸ் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இந்த வகை நீலத்தின் பெரும்பகுதி சாயத்தால் வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ரூட்டைல் என்பது டைட்டானியம் ஆக்சைடு, கொஞ்சம் இரும்பும் சேர்ந்தது. சூளை ஆறும்போது, உருகிய கண்ணாடி ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களாகப் பிரிந்து, ஒன்று மற்றொன்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி நிற்கிறது. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தெரிகிறது. ரூட்டைலுடன் வந்த இரும்பு பழுப்பைத் தருகிறது. சீனாவின் ஹெனான் பகுதியில் சோங் அரச மரபுக் காலத்தில் உருவான ஜுன் பாத்திரங்களின் நீலமும் இதே வகையான ஒளிச்சிதறலால் வந்ததே. நமக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், சிர்க்கான் ஆகியவற்றுடன் பிரித்தெடுக்கப்படும் தாதுக்களில் ரூட்டைலும் ஒன்று. இந்த நீலத்துக்கு மூலமான பொருள் நம் கரையிலேயே கிடக்கிறது; அதைக் கொண்டு நாமே கிளேஸ் கலப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நிற்கிற கிளேஸ் என்று பார்த்தால், பிசி-32 ஆல்பனி ஸ்லிப் பிரவுன், பிசி-30 டெம்மோகு இரண்டும் நம்பகமானவை. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கருகே வெட்டியெடுக்கப்பட்ட ஒரு களிமண், எதையும் சேர்க்காமலேயே உயர்வெப்பத்தில் உருகிப் பழுப்புக் கிளேஸாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஜாடிகளின் உட்புறம் பெரும்பாலும் அதனால் பூசப்பட்டதுதான். 1980களில் அந்த மண் எடுப்பது நின்றுபோயிற்று. பாட்டிலில் வருவது அந்த நிறத்தை ஒட்டி, கோன் 6-க்காகச் செய்யப்பட்ட கலவை. அடக்கமான, கொஞ்சமும் அவசரப்படாத பழுப்பு இது. தனியாகப் பூசினால் பெரிதாக ஈர்க்காது. ஆனால் மேலே எது வந்தாலும் தாங்கிக்கொண்டு, அதன் நிறத்தை எடுத்துக்காட்டும்.

டெம்மோகுவுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. சீனாவின் ஃபூஜியான் பகுதியில் சோங் காலத்துத் தேநீர்க் கிண்ணங்களில் கறுப்புக் கிளேஸின் மேல் முயல் ரோமம்போல மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும். உருகிய கிளேஸுக்குள் எழும் குமிழ்கள் இரும்பை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து விட, இரும்பு செறிந்த அந்தப் படலம் சரிவில் இழுபட்டுக் கோடாகிறது. கறுப்புக்குள்ளேயே அசைவு! அமாகோவின் டெம்மோகு அந்த உயரத்தை எட்டவில்லை, மின்சூளையில் எட்டுவதும் கடினம். விளிம்பில் மெலிந்து துருநிறமாக மாறுவது மட்டும் அழகாக நடக்கிறது. கீழே பூசும் கிளேஸாக இது முதல்தரம் என்பேன்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். வெள்ளை ஸ்டோன்வேர் மண்ணில் ஒரு சாண் உயரத்துக்குச் செய்த பூச்சாடி. உடல் முழுவதும் டெம்மோகு மூன்று பூச்சு, கழுத்திலும் தோளிலும் மட்டும் அதன்மேல் புளூ ரூட்டைல் மூன்று பூச்சு. சுட்டபின் இதைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்திலிருந்து மெதுவாகக் கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். வாயோரத்தில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கிளேஸ் கிட்டத்தட்ட இல்லை, கீழிருக்கும் இரும்பு செம்பழுப்பாக வெளித்தெரிகிறது. அதற்குக் கீழே நீலம் இன்னும் முடிவெடுக்காத மாதிரி மெல்லிய இழைகளாகத் தொடங்குகிறது. தோளில், சரிவு குறைகிற இடத்தில், கிளேஸ் வேகம் குறைந்து தேங்கியிருக்கிறது. அங்கே நீலம் அடர்ந்து, நடுநடுவே வெள்ளை கலந்த மேகம்போல் நிற்கிறது. தோள் திரும்பி வயிற்றுச் சரிவு தொடங்கியதும் மறுபடி இழைகள் நீளமாகின்றன, ஒவ்வொன்றின் நுனியிலும் சற்றுத் தடித்த ஒரு சொட்டு. பூசியபோது நேராக இருந்த எல்லைக்கோடு இப்போது ஓரிடத்தில் ஒரு விரல் அகலமும் இன்னோரிடத்தில் அதைவிடக் கூடுதலாகவும் இறங்கி நிற்கிறது. அதற்குக் கீழே அடிவரை அமைதியான கறுப்பு. அந்தக் கறுப்பு இல்லையென்றால் மேலே நடந்தது எதுவும் கண்ணில் நிற்காது.

இந்த இடத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். அசைவு கிடைத்த மகிழ்ச்சியில் பாத்திரம் முழுவதையும் நான்கு ஐந்து கிளேஸ்களால் நிரப்பிவிடுகிறார்கள். மாறுபாடு என்பது நிறத்துக்கு நிறம் மட்டும் உள்ள வேறுபாடு என்று எடுத்துக்கொள்வதால் வரும் விளைவு இது. கறுப்புக்கு எதிரே வெள்ளை வைப்பதைப்போலவே, பளபளப்புக்கு எதிரே மங்கல், வழவழப்புக்கு எதிரே சொரசொரப்பு, கிளேஸுக்கு எதிரே வெறும் மண் என்று வைப்பதும் மாறுபாடுதான். என் கண்ணுக்கு இந்தக் கடைசி வகையே எப்போதும் வலுவானதாகத் தெரிகிறது. கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் மெழுகுக் கரைசலைத் தடவிக் கிளேஸ் ஒட்டாமல் விட்டு, மேல்பாதியிலிருந்து ஒரே ஒரு ஓடுகிற கிளேஸ் அந்த வெறும் மண்ணின் எல்லைவரை வந்து நிற்கும்படி செய்து பாருங்கள். இரும்பு கலந்த செம்மண் நிற ஸ்டோன்வேராக இருந்தால், சுட்ட மண்ணின் அந்த வறண்ட சிவப்பு, நீலத்தை இரண்டு மடங்கு ஈரமாகக் காட்டும்.

வடிவமும் சேர்ந்துதான் அசைவை உண்டாக்குகிறது. நேர்ச்சுவரான உருளையில் கிளேஸ் தடையின்றி ஓடும். அழகு குறைவு, ஆபத்து அதிகம். தோளும் வயிறும் இடுப்பும் உள்ள வடிவத்தில் அது ஓடும், தயங்கும், தேங்கும், மறுபடி ஓடும். சக்கரத்தில் விரல் விட்டுச்சென்ற வளையங்களை வழித்து மழுக்காமல் விட்டாலே ஒவ்வொரு வளையமும் ஒரு சிறு அணையாகிக் கிளேஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிண்ணத்தின் உட்புறத்தில் பூசியது எல்லாப் பக்கமிருந்தும் நடுவை நோக்கி இறங்கிக் குளமாகும். ஓடுகிற கிளேஸைப் பழக உட்புறமே பாதுகாப்பான இடம், ஏனென்றால் வழிந்தாலும் பாத்திரத்துக்குள்ளேயே வழியும்.

மற்ற நிறங்களில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிசி-31 ஓட்மீல், பெயருக்கேற்ற வெளிர்நிறம். இதைத் தனியாகப் பூசி ஏமாந்தவர்கள் அதிகம் இருப்பார்கள். ஆனால் அடர்நிறக் கிளேஸின் மேல், வாயோரத்தில் இரண்டு பூச்சாகத் தடவினால், கீழுள்ள நிறத்தை இழுத்துக்கொண்டு பால் நிறக் கோடுகளாக வழிகிறது. டெம்மோகுவின் மேலும் பிசி-12 புளூ மிட்நைட்டின் மேலும் இது செய்வதைப் பார்த்தால், இவ்வளவு சாதுவான பெயருக்குள் இவ்வளவு வேகமா என்று தோன்றும். கையிருப்பில் கண்டிப்பாக இருக்க வேண்டியது.

பிசி-53 ஏன்ஷியன்ட் ஜாஸ்பர் வேறு ரகம். செம்பழுப்பின் மேல் நீலமும் பச்சையும் மின்னி மறைகிற அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பலர் இந்த வரிசைக்குள் நுழைகிறார்கள். நன்றாக வந்தால் உண்மையில் அப்படியே இருக்கும். ஆனால் தடிமன், உச்ச வெப்பம், ஆறுகிற வேகம் மூன்றையும் பொறுத்து இது மிகவும் மாறிவிடும். ஒன்று சற்று மாறினாலும் ஒரே சூளையின் மேல்தட்டில் வைத்தது சிவப்பாகவும் கீழ்த்தட்டில் வைத்தது வெறும் பழுப்பாகவும் வரலாம். செட்டாக ஆறு குவளை கேட்கிற வாடிக்கையாளருக்கு இதைப் பூசித் தர ஒப்புக்கொள்ளாதீர்கள். தனிப்பாத்திரம் செய்கிறவருக்கு, அதுவும் செதுக்கலும் பதிவும் நிறைந்த பரப்புக்கு, இது பொருந்தும்.

பூசும் முறையைப் பற்றி நிறுவனம் தரும் அறிவுரை எளியது: ஏறத்தாழ 1060 டிகிரியில் முதல் சுடு சுட்ட பாத்திரத்தில், அடிக் கிளேஸ் மூன்று பூச்சு, அதன்மேல் மற்றொன்று இரண்டு அல்லது மூன்று பூச்சு. தூரிகையால் பூசும் கிளேஸில் பசை கலந்திருப்பதால் சீராகப் படியும், ஆனால் மெதுவாகக் காயும். இங்கேதான் நம் ஊர்ப் பருவம் குறுக்கிடுகிறது. சென்னையிலும் கடலோர ஊர்களிலும் ஐப்பசி கார்த்திகையில் ஒவ்வொரு பூச்சும் காய எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தால் பொறுமை போய்விடும். மேல்பரப்பு காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் அடுத்ததைப் பூசினால் தூரிகை கீழ்ப்பூச்சையே தூக்கிவிடும், அல்லது சுடும்போது கிளேஸ் சுருங்கித் திட்டுத்திட்டாக மண்ணை விட்டுவிடும். தொட்டுப்பார்த்தால் குளிர்ச்சி இல்லாமல் இருக்க வேண்டும், அதுவே அளவுகோல். பாட்டிலைத் திறக்கும்போது கிளேஸ் ஆப்ப மாவுப் பதத்தில் இருந்தால் போதும். அதைவிடக் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாம். இங்கே ஒரு விற்பனையாளரிடம் தருவித்த பாட்டில் கோடைக் கிடங்கில் கிடந்து அடியில் கட்டியாகியே கைக்கு வந்தது. ஆகவே பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து வாங்க முடிகிற இடத்தில் வாங்குவதே மேல்.

சுடுவதில் இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது, சூளையின் மின்னணுப் பலகை காட்டுகிற எண்ணை மட்டும் நம்பாமல், ஆர்ட்டன் நிறுவனத்தின் கோன்களை ஒவ்வொரு தட்டிலும் வைத்துப் பார்ப்பது. மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறைகிற ஊர்களில் கடைசி நூறு டிகிரியை ஏற சூளை நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். கிளேஸ் உள்வாங்கிக்கொள்வது வெப்பநிலையையும் அது நீடிக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான். ஆகவே 1220-ஐ மெதுவாகத் தொட்ட சூளை, கோன் 6-ஐத் தாண்டியே போயிருக்கும். கோன் வளைந்த அளவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். புளூ ரூட்டைல் போன்றவற்றுக்குக் கோன் 5-க்கும் 6-க்கும் இடையில் உள்ள தூரமே, தோளில் நிற்பதற்கும் அடிவரை இறங்குவதற்கும் உள்ள தூரம்.

இரண்டாவது, ஆற விடும் முறை. உச்சத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி, பிறகு ஏறத்தாழ 1050-க்கு இறங்க விட்டு, அங்கிருந்து 800 வரை மணிக்கு 70, 80 டிகிரி என்று மெல்ல ஆற்றினால், ரூட்டைலும் இரும்பும் உள்ள கிளேஸ்களில் நுண்படிகங்களும் பிரிவுகளும் உருவாக அவகாசம் கிடைக்கிறது. சிறிய சூளைகள் தாமாக விட்டால் வேகமாக ஆறிவிடும். அதே கிளேஸ், அதே தடிமன், ஆனால் ஆற்றியது வேறு என்றால் ஒன்று தட்டையான பளபளப்பாகவும் மற்றொன்று இழையிழையாகப் பட்டு மாதிரியும் வரும். கிளேஸைக் குறை சொல்லும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஓடுகிற கிளேஸை வாங்குகிறவர், அது எங்கே போய் நிற்கும் என்பதற்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒற்றைக் கிளேஸ் என்றால் அடியிலிருந்து ஐந்து ஆறு மில்லிமீட்டர் விட்டால் போதும். மேலும் கீழுமாகப் பூசியதற்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விட வேண்டும். ஓடும் கிளேஸை மேல் மூன்றிலொரு பங்கில் மட்டும் வைப்பது நல்ல வழக்கம். பாத்திரத்தை அதே மண்ணில் செய்து முதல் சுடு சுட்ட மெல்லிய வட்டத்தகட்டின் மேல் வைத்தால், வழிந்தாலும் தகடுதான் போகும். சூளைத் தட்டின் விலையை நினைத்தால் இந்தச் சிரமம் ஒன்றுமில்லை. தட்டில் அலுமினாவும் கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணும் கலந்த பூச்சு கட்டாயம் இருக்க வேண்டும்.

நிறுவனம் தரும் வண்ண அட்டைகளையும், எதன்மேல் எது என்று காட்டும் அடுக்குப் படங்களையும் பற்றி ஒரு மனக்குறை இருக்கிறது. அவை அழகாக, நேர்மையாகவே எடுக்கப்பட்டவை. ஆனால் சிறு வில்லையில் கிளேஸுக்கு ஓட இடமில்லை. கை நீளச் சரிவில் அது என்ன செய்யும் என்று வில்லை சொல்லாது. நம் மண்ணும் வேறு. ஆகவே நீங்கள் பயன்படுத்தும் மண்ணிலேயே, குறைந்தது 12 சென்டிமீட்டர் உயரமாக, அடியில் கால் மடித்து நிமிர்ந்து நிற்கும் சோதனைத் துண்டுகளைச் செய்து, மேலே ஒரு வளையமும் நடுவே ஒரு கீறலும் போட்டு, ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு வரிசையிலும் சுட்டுப் பாருங்கள். புளூ ரூட்டைலை டெம்மோகுவின் மேல் பூசுவதும், டெம்மோகுவைப் புளூ ரூட்டைலின் மேல் பூசுவதும் ஒன்றல்ல. முதலாவதில் நீலம் கறுப்பின் மேல் மிதக்கிறது, இரண்டாவதில் கறுப்பு நீலத்துக்குள் கிழிந்து இறங்குகிறது.

உணவுப் பாத்திரங்களுக்குப் பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் தனித்தனியே படிக்க வேண்டும். ஒரு கிளேஸ் தனியாக உணவுக்கு ஏற்றது என்பதால், இன்னொன்றுடன் கலந்து உருகிய இடமும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் அங்கே உருவாகியிருப்பது மூன்றாவது ஒரு கண்ணாடி. எலுமிச்சைத் துண்டு ஒன்றை இரவு முழுவதும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்து, காலையில் நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அந்தப் பாத்திரத்தைப் பூச்சாடியாக்கிவிடலாம். மாறாமல் இருப்பது மட்டும் முழுச் சான்றாகாது. நம் வீட்டில் புளிக்குழம்பும் ஊறுகாயும் மோரும் போகிற பாத்திரத்தின் உட்புறத்துக்கு, கலக்காத ஒற்றைக் கிளேஸ் போடுவதே என் வழக்கம். வெளிப்புறத்தில் எவ்வளவு அசைவு வேண்டுமானாலும் காட்டலாம்.

விலைதான் கடைசித் தடை. இறக்குமதிப் பொருள் என்பதால் ஒரு பாட்டிலின் விலை, மாணவர்களுக்கும் சந்தையில் குவளை விற்றுப் பிழைக்கிறவர்களுக்கும் கனமானது. மூன்று பூச்சு, அதன்மேல் மூன்று பூச்சு என்று போட்டால் பாட்டில் சீக்கிரம் காலியாகும். தொடர்ந்து ஒரே கிளேஸைப் பயன்படுத்துவீர்கள் என்று உறுதியானால் பொடியாக வாங்கி வாளியில் கரைத்து முக்கியெடுப்பது மலிவு, பூச்சும் சீராக இருக்கும். அமெரிக்காவின் மேகோ நிறுவனத்தின் ஸ்டோன்வேர் வரிசையும் இதே வெப்பத்துக்குரியதுதான். அதில் லைட் ஃபிளக்ஸ், டார்க் ஃபிளக்ஸ் என்று மற்ற கிளேஸ்களை ஓட வைப்பதற்காகவே இரண்டு இருக்கின்றன. கையில் ஏற்கெனவே நிற்கிற கிளேஸ்கள் நிறைய உள்ளவர்கள், புதிய நிறங்கள் வாங்குவதைவிட அவற்றில் ஒன்றை வாங்குவது புத்திசாலித்தனம்.

கிளேஸை நாமே கலக்கவும் வழி உண்டு. பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சுண்ணக்கல் தூளும் ‘பால் கிளே’ (ball clay) என்னும் களிமண்ணும் நம் ஊரிலேயே மூட்டையாகக் கிடைக்கின்றன. கோன் 6-இல் உருகுவதற்குப் போரான் உள்ள ஃபிரிட், அதாவது முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி, கொஞ்சம் வேண்டும், அதுவும் கிடைக்கிறது. தராசும் சல்லடையும் முகமூடியும் வைத்துக்கொண்டு, சாதாரணப் பளபளப்புக் கிளேஸ் ஒன்றில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு ரூட்டைல் சேர்த்துச் சுட்டுப் பார்க்கிறவருக்கு, இந்தப் பாட்டில் நீலத்துக்கு நெருங்கிய உறவான ஒன்று சொந்தக் கையால் கிடைக்கும். சிலிக்காத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், ஆகையால் முகமூடி இல்லாமல் பொடி அளக்கக் கூடாது. கலந்து பழக நேரமும் மனமும் உள்ளவர்களுக்கு இந்தப் பாதையே நல்லது, அவர்கள் பாட்டர்ஸ் சாய்ஸ் வாங்கத் தேவையில்லை.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை இது. புளூ ரூட்டைல், ஓட்மீல் ஆகிய இரண்டும் ஓடுவதற்கு; டெம்மோகு, ஆல்பனி ஸ்லிப் பிரவுன் ஆகிய இரண்டும் நிற்பதற்கு. ஏன்ஷியன்ட் ஜாஸ்பரை உங்கள் சூளையின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கோன் வைத்துத் தெரிந்துகொண்ட பிறகு வாங்கலாம். முதல் பாட்டிலை வாங்கும்போதே கோன் பெட்டி ஒன்றையும், மெல்லிய முடியுள்ள அகலமான தூரிகை ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கடினமான முடியுள்ள வர்ணத் தூரிகை இந்தக் கிளேஸுக்கு உதவாது, அதன் கோடுகள் உருகிய பிறகும் நிற்கிற கிளேஸில் அப்படியே தெரியும்.